செங்கல் பொடிக்குக் கீழே என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில், பாரிஸில் செந்தரையில் நடக்கும் பிரெஞ்சு ஓபன் டென்னிஸின் வரலாறு பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். ஸ்பெயின் வீரர் நடாலுக்கு முக்கால் பக்கம் ஒதுக்கியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் போட்டியில் 116 ஆட்டம் ஆடி 112-இல் ஜெயித்து, 14 பட்டம் வாங்கியவருக்கு அது தகும். ஆனால் சில தகவல்கள் பிசகியிருக்கின்றன. தரையைப் பற்றி எழுதியிருப்பதை நம்பி யாராவது கோர்ட் போட இறங்கினால் பணம் மண்ணோடு போகும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் வரலாறு. 1891-இல் தொடங்கியது சரி. ஆனால் அது அப்போதே உலகப் போட்டியாக இருக்கவில்லை. ஒரே நாளில் முடிந்த அந்த முதல் போட்டியில் பிரெஞ்சு கிளப் உறுப்பினர்கள் மட்டுமே ஆடலாம். ஜெயித்தவர் பாரிஸில் குடியிருந்த பிரிக்ஸ் என்ற ஆங்கிலேயர். பெண்கள் ஒற்றையர் 1897-இல் சேர்ந்தது. வெளிநாட்டு அமெச்சூர் (தொழிலாக ஆடாத) வீரர்களுக்குக் கதவு திறந்தது 1925-இல்தான். இப்போதைய மைதானம் 1928-இல் எழுந்தது. அதற்கு முந்தின வருடம் லகோஸ்த், கோஷே, பொரோத்ரா, புருன்யோன் என்ற பிரெஞ்சு வீரர்கள் நால்வரும் அமெரிக்காவுக்கே போய், நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையைத் தட்டி வந்துவிட்டார்கள். கோப்பையைத் தக்கவைக்கும் ஆட்டத்தைச் சொந்த ஊரில் நடத்த இடம் வேண்டியிருந்தது. நிலம் கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனை, மைதானத்துக்கு ரோலண்ட் காரோஸ் பெயரை வைக்க வேண்டும் என்பது. கட்டுரையில் உள்ளதுபோல அவர் டென்னிஸ் சாம்பியன் அல்ல, விமானி. 1913-இல் மத்தியதரைக் கடலை நிற்காமல் பறந்து கடந்த முதல் ஆள். 1918 அக்டோபரில் போரில் இறந்தார். 1968-இல் தொழில்முறை வீரர்களையும் சேர்த்துக்கொண்ட முதல் கிராண்ட் ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) இதுதான். அந்த வருடம் ரோஸ்வாலும் நான்சி ரிச்சியும் ஜெயித்தார்கள்.

இனி தரை. "களிமண்ணைக் கொட்டிச் சிவப்புச் சாயம் பூசிய ஆடுகளம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே மேலே தெரிவது களிமண்ணும் இல்லை, சாயமும் இல்லை. நன்றாகச் சுட்ட செங்கல்லை அரைத்த பொடி. அதுவும் 1 முதல் 2 மில்லிமீட்டர் கனம்தான். அதன் கீழே 6, 7 சென்டிமீட்டருக்கு வெள்ளைச் சுண்ணாம்புக்கல் தூள், இறுக்கிப் பாவியது. பந்து எழும்புவது இந்த வெள்ளைத் தளத்தில். அதற்கும் கீழே 7, 8 சென்டிமீட்டர் எரிந்த நிலக்கரியின் கசடு, பிறகு சுமார் 30 சென்டிமீட்டர் ஜல்லி, அடியில் பெருங்கல். சுண்ணாம்புக்கல்லின் ஈரத்தைப் பிடித்துவைப்பது அந்தக் கசடுதான். மிஞ்சின தண்ணீரைக் கீழே விடுவதும் அதுவே. பொடி செய்யும் வேலை இரண்டு: நிறம் கொடுப்பது, காலை வழுக்கவிட்டு நிறுத்துவது. பந்தை உரசி வேகத்தைக் குறைப்பதையும் கணக்கில் சேர்க்கலாம். செங்கல் பொடி வழக்கம் 1880 வாக்கில் பிரான்சின் கான் நகரில் ரென்ஷா சகோதரர்கள் என்ற ஆங்கில டென்னிஸ் வீரர்களால் வந்தது என்பார்கள். வெயிலில் கருகிய புல்தரையை மூட, பக்கத்து ஊரான வல்லோரிஸ் மண்பானைகளை உடைத்துப் பொடியாக்கித் தூவினார்களாம்.

நம்ம திருநெல்வேலிப் பக்கம் இப்போது பள்ளிக்கூடங்களிலும் கிளப்புகளிலும் "பிரெஞ்சு ஓபன் மாடல்" என்று போடப்படும் கோர்ட்டுகளில் நடப்பது என்ன? கரிசலை ஓரடி தோண்டி, செம்மண் அடித்து, ரோலர் விட்டு, மேலே ரெண்டு அங்குலத்துக்குச் செங்கல் தூள். ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்க வழியில்லாமல் செம்மண் குழைகிறது. அடியில் மிஞ்சிய கரிசல் உப்பிக்கொள்கிறது. பங்குனி வெயிலில் இரண்டும் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கின்றன. வெடிப்பை மறைக்க இன்னும் தூள் கொட்டுகிறார்கள். ரெண்டு அங்குலத் தூளில் பந்து செத்து விழும். ஓடுகிறவர் கணுக்கால் புதையும். திசையன்விளைத் தேரி மணலைச் சலித்துப் போட்டவர்களும் உண்டு. அதன் பரல் உருண்டை. எத்தனை முறை தண்ணீர் விட்டாலும் பிடிப்பு வராது.

கணக்கைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். சுற்றுவெளியோடு ஒரு கோர்ட் 120 அடிக்கு 60 அடி, அதாவது 7,200 சதுர அடி. அதில் 2 மில்லிமீட்டர் பொடி என்றால் 47 கன அடி, அரை யூனிட்கூட இல்லை (ஒரு யூனிட் 100 கன அடி). 7 சென்டிமீட்டர் சுண்ணாம்புக்கல் தூளுக்குப் பதினாறரை யூனிட் வேண்டும். உருட்டினால் அமுங்கும் என்பதால் 20 யூனிட்டுக்குமேல் இறக்கிவைக்க வேண்டும். செலவு முழுக்கக் கீழேதான். ஒப்பந்தக்காரர் கொண்டுவரும் மதிப்பீட்டில் செங்கல் பொடி லாரிக் கணக்கில் இருந்து, சுண்ணாம்புக்கல் என்ற சொல்லே இல்லாவிட்டால் அப்போதே கையெழுத்துப் போடாமல் எழுந்துவிடலாம்.

இத்தனைக்கும் சாமான் எல்லாம் நம்ம ஜில்லாவிலும் பக்கத்திலும் கிடைக்கிறது. சுண்ணாம்புக்கல்லுக்குத் தாழையூத்து இருக்கிறது. செங்கல்லுக்குச் சூளைகள் இருக்கின்றன. சூளையில் கழித்துப்போட்ட அரைவேக்காட்டுக் கல் மலிவாக வரும், வாங்காதீர்கள்; நனைந்ததும் சேறாகிவிடும். ஒன்றோடொன்று தட்டினால் 'கணீர்' என்று கேட்கும் கல்தான் வேண்டும். பொடியை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துவிடுங்கள். கசடுக்கு அனல்மின் நிலைய அடிச்சாம்பல், பரல் பரலாக இருப்பது, உதவும். சிமென்ட் மாதிரி நைசாகப் பறக்கும் சாம்பல் தண்ணீரை அடைத்துக்கொள்ளும்.

வாட்டம் ஒரே பக்கமாக இருக்க வேண்டும். அகலவாட்டில் 24 அடிக்கு ஓர் அங்குலம், அதைவிடக் குறைத்தால் 30 அடிக்கு ஓர் அங்குலம். நெட்டுக்கு அடியில் மேடாக்கி இருபுறமும் சரிப்பது வீட்டு மொட்டைமாடிக்குச் சரி, கோர்ட்டுக்கு ஆகாது.

உருட்டுவதிலும் அளவு உண்டு. 2012-இல் மாட்ரிட் போட்டியில் டிவி-யில் பந்து நன்றாகத் தெரியட்டும் என்று நீலப் பொடி போட்டார்கள். வீரர்கள் சறுக்கி விழுந்தார்கள். நடாலும் ஜோகோவிச்சும் இதே தரை என்றால் மறுவருடம் வரமாட்டோம் என்றார்கள். எல்லாரும் நீலத்தைத் திட்டினார்கள். ஆனால் அடித்தளத்தை அளவுமீறி உருட்டி இறுக்கியதுதான் வழுக்கலுக்குக் காரணம் என்று போட்டியை நடத்தியவர்கள் தரப்பிலேயே சொன்னார்கள். தளம் பளிங்காக இறுகினால் பொடி அதில் பற்றாது. அடுத்த வருடமே பழைய செந்தரை வந்துவிட்டது.

தினசரி வேலையில் பாதி தண்ணீர்தான். காலையில் ஒரு நனைப்பு, வெயில் ஏறினால் ஆட்டத்துக்கு நடுவில் ஒரு தெளிப்பு, ராத்திரி ஆழமாக ஒன்று. மேலே ஈரமாகத் தெரிவதை நம்பக் கூடாது. ஆணியால் கீறிப் பார்த்தால் வெள்ளைத் தளமும் ஈரமாக இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் இழுவலையை (பொடியைப் பரப்பத் தரையில் இழுக்கும் வலை) வெளிச்சுற்றில் தொடங்கி உள்ளே சுற்றிச் சுற்றி இழுத்து வாருங்கள். உள்ளிருந்து வெளியே இழுத்தால் பொடியெல்லாம் வேலியோரம் போய் நிற்கும். பேஸ்லைனுக்கு (கோர்ட்டின் கடைக்கோடு) பின்னால் குழி விழுந்தால் பொடியால் நிரப்பாதீர்கள். அந்த இடத்தைக் கொத்திவிட்டு, சுண்ணாம்புக்கல் தூள் போட்டு, நனைத்து, திமிசால் தட்டி, காய்ந்தபின் ஒரு பிடி பொடி தூவினால் போதும்.

பாரிஸ்காரர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று 2 மில்லிமீட்டர் பொடியை இரண்டே நாளில் அள்ளிக்கொண்டு போகும். மேற்கு வேலியில் பத்தடி உயரத்துக்குப் பச்சை வலை கட்டுங்கள். கால்சியம் குளோரைடு கொஞ்சம் தூவி நனைத்தால் ஈரம் நிற்கும், பொடி பறக்காது. பாரிஸிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

பழைய சாணி மெழுகிய கோர்ட்டுகளைக் கட்டுரை கேலி செய்திருப்பது நியாயமில்லை. சறுக்கி ஆட அவை தோதில்லை, உண்மைதான். ஆனால் மலிவு, சமதளம், பந்து ஒழுங்காக எழும்பும். தென்னாட்டில் எத்தனையோ பேர் அதில்தான் ராக்கெட் பிடித்தார்கள். பிரெஞ்சு ஓபனில் இந்தியர் என்று பட்டியல் போட்ட நீங்கள் 1979-இல் அங்கே ஜூனியர் பட்டம் வென்ற ரமேஷ் கிருஷ்ணனை விட்டுவிட்டீர்கள். அவருடைய தகப்பனார் ராமநாதன் கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். அடுத்த இதழில் ஒரு வரியாவது சேர்க்கவும்.

கோர்ட் போட நினைப்பவர்கள் தை பிறந்ததும் வேலையைத் தொடங்கட்டும். சுண்ணாம்புக்கல் தளம் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து இறுக ஒன்றரை மாதமாவது ஆகும். அதற்குமுன் பொடி தூவித் திறப்பு விழா வைத்தால் முதல் மழையிலேயே தளம் கலங்கும்.

இப்படிக்கு,
டென்னிஸ் கோர்ட் பராமரிப்பில் இருக்கும் வாசகர்கள்,
பாளையங்கோட்டை.