யாரிடம் ஹேண்ட் ஓவர் கொடுக்கிறாய்?

அன்புள்ள பாப்பா,

போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தம்பி உன்னைப் பற்றித் தானாக எதுவும் சொல்லவில்லை. நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். அவனைத் திட்டாதே.

கம்ப்யூட்டரில் ஊரிலுள்ள பேரோடெல்லாம் சேர்ந்து ஆடுகிறாயே, அந்த ஆன்லைன் விளையாட்டில் நீ ஹீலராமே. வாள் எடுத்து வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், முன்னால் நின்று அடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், என் மகள் பின்னால் நின்று அத்தனை பேருக்கும் உயிர் ஏற்றிக்கொண்டிருக்கிறாள் என்று தம்பி சொன்னதும் சிரித்துவிட்டேன். நான் ஆயுசு முழுக்க வார்டில் பார்த்த வேலை! இருபது பேருடைய உயிர்ப் பட்டையை ஒரே திரையில் பார்த்துக்கொண்டே, யாருக்கு முதலில், யாருக்கு அப்புறம், யாரை இனி விட்டுவிட வேண்டியதுதான் என்று நொடியில் முடிவெடுக்க வேண்டுமாம். கேஷுவாலிட்டிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அதைப் பழக்க எனக்கு மாதக்கணக்கில் ஆகும். உன்னைத்தான் உங்கள் கில்டில், அதாவது சேர்ந்து ஆடும் உங்கள் குழுவில், ஹீலர்களுக்கெல்லாம் தலைமையாக வைத்திருக்கிறார்களாம். பெருமையாகத்தான் இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். அதற்குச் சம்பளம் உண்டா என்று கேட்டார்.

அவர் கேட்ட விதம் தப்பு. கேள்வி தப்பில்லை.

வார்டில் நைட் டியூட்டி எவ்வளவு மோசமாகப் போனாலும் காலையில் அடுத்தவள் வந்துவிடுவாள். எந்த பெட்டுக்கு என்ன ஊசி, யாருக்கு டிரிப் முடியப்போகிறது, யார் ராத்திரி முழுக்க முனகினார்கள், எல்லாம் சொல்லி ஹேண்ட் ஓவர் கொடுத்துவிட்டுக் கிளம்புவோம். அப்புறம் அவர்கள் அவள் பொறுப்பு, நாம் வீட்டுக்கு வந்து தூங்கலாம். நீ யாரிடம் ஹேண்ட் ஓவர் கொடுக்கிறாய்? இதை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது, நீ லாக் அவுட் செய்தாலும் அந்த உலகம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும் என்கிறான் தம்பி. ரெய்டு என்று எல்லாரும் கூட்டமாகப் போய்ப் பெரிய பூதத்தை அடிப்பீர்களாமே, அது நடக்கும்போது ஹீலர் எழுந்து போனால் எல்லாரும் செத்து, மறுபடி முதலிலிருந்தாம். சோம்பேறிகளை இது பிடிப்பதில்லை போலிருக்கிறது. சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற உன்னைப் போன்றவர்களைத்தான் பிடிக்கிறது. பள்ளிக்கூட நாட்களில் காய்ச்சலோடு பரீட்சைக்குப் போனவள்தானே நீ.

ராத்திரி தூங்கு. இதைத்தான் சொல்ல வந்தேன். தூங்கு.

அன்றைக்கு வேலை நாளில், காலை பதினோரு மணிக்கு உனக்குப் போன் செய்தேன். பின்னால் விளையாட்டின் அந்த மணிச் சத்தமும் யாரோ இரண்டு பேர் கத்துவதும் கேட்டது. லீவு என்றாய். அடுத்த வாரம் செய்தபோதும் லீவு என்றாய். நான் சரி என்று வைத்துவிட்டேன். லீவாகத்தான் இருக்கும்.

சும்மா இருக்க முடியாமல் கொஞ்சம் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் இந்த ஆட்டப் பழக்கம் மிஞ்சிப்போவதை நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. 2019-இல் ஒப்புக்கொண்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் எத்தனை மணி நேரம் என்ற கணக்கே இல்லை. மூன்றே விஷயம் கேட்கிறார்கள். ஆட்டத்தை உன்னால் கட்டுப்படுத்த முடிகிறதா, மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ளிவிட்டதா, கெடுதல் நடப்பது தெரிந்தும் தொடர்கிறாயா. அதுவும் பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது இப்படி இருந்தால்தான் நோய் என்பார்களாம். ஆகவே "எத்தனை மணி நேரம் ஆடினாய்" என்று இனி உன்னைக் கேட்கமாட்டேன். அது தப்பான கேள்வி என்று தெரிந்துகொண்டேன்.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-இல் போட்ட கையேட்டில் வேறு பட்டியல். இன்னும் ஆராய வேண்டியது என்ற பகுதியில்தான் வைத்திருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்பது அறிகுறிகள், ஐந்து இருந்தால் கவனிக்க வேண்டும். ஏழாவது, எவ்வளவு ஆடுகிறோம் என்பதை வீட்டாரிடம் மறைப்பது. அதை வேகமாகப் படித்துத் தாண்டிவிட்டேன். ஒன்பதாவது என்னவென்று நான் எழுதப்போவதில்லை. நீயே பார்த்துக்கொள்.

உன்னிடம் மனக்கட்டுப்பாடு இல்லை என்று அப்பா சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த விளையாட்டுகளைச் செய்து எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் லேசுப்பட்டவர்களா? 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டைச் சோதித்துப் பார்க்கும்போது, தொடர்ந்து ரொம்ப நேரம் ஆடினால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் பாதியாகும்படி வைத்தார்களாம், போய் ஓய்வெடுக்கட்டும் என்று. ஆடிப் பார்த்தவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. உடனே பெயரை மட்டும் மாற்றினார்கள். பாதியை "சாதாரணம்" என்றார்கள், முழுசை "ஓய்வெடுத்தவருக்கு இரட்டிப்பு" என்றார்கள். கணக்கு அதேதான், ஆனால் எல்லாருக்கும் சந்தோஷம். மனிதர்களை இவ்வளவு தெரிந்து வைத்திருப்பவர்களிடம் உன் அப்பாவின் அறிவுரை எடுபடுமா?

அப்புறம் விளையாட்டுக்குள் பரிசாகக் கிடைக்குமாமே, அந்தக் குதிரை. வாரா வாரம் ஒரே பூதத்தை அடிக்கிறாயாமே அதற்காக. நூற்றில் ஒரு தடவை கிடைக்கும் என்றால், நூறு தடவை அடித்தால் கிடைத்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். தம்பி கணக்குப் போட்டுக் காட்டினான். நூறு பேர் ஆளுக்கு நூறு தடவை அடித்தாலும் ஏறக்குறைய 37 பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்களாம். நூற்றோராவது தடவைக்கும் அதே நூற்றில் ஒன்றுதான். போன வாரம் அடித்ததை அந்தப் பூதம் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. கணக்கில் நீ தம்பியைவிடக் கெட்டிக்காரி, இது உனக்குத் தெரியாதா?

முகம் தெரியாத ஆட்களோடு என்ன பேச்சு என்று நான் முன்பு சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, இனி சொல்லமாட்டேன். நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஒரு பையன். தசைகள் தேய்ந்துபோகும் நோய். 2014-இல், இருபத்தைந்து வயதில் போய்விட்டான். அறைக்குள் தனியாகவே வாழ்ந்து முடித்துவிட்டான் என்று பெற்றவர்கள் நினைத்திருந்தார்கள். அவனுடைய வலைப்பூவில் அப்பா செய்தியைப் போட்டதும் ஆன்லைனில் அவனோடு கூட விளையாடியவர்களிடமிருந்து கடிதமாக வந்து குவிந்தது. வேறு நாடுகளிலிருந்து சிலர் இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். ஏன் சாவுப் பேச்சு என்று கோபித்துக்கொள்ளாதே. உன் கில்டில் இருப்பவர்களும் நல்ல பிள்ளைகளாகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் பையனுக்கு எழுந்து வெளியே போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. உனக்குக் கால் நன்றாக இருக்கிறது, பாப்பா.

மாமா விஷயத்தில் நாம் எல்லாரும் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று உனக்குத் தெரியும். மறுபடியும் அதைச் செய்ய என்னால் ஆகாது.

விளையாட்டை அழித்துவிடு என்று சொல்லவில்லை. நீ வளர்த்த அந்த ஆளை அழித்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. கில்டுத் தலைவரிடம் சொல்லி இன்னொரு ஹீலரைப் பழக்கு. உனக்குத் தெரிந்ததை அவளுக்குச் சொல்லிக்கொடு, வாரத்தில் சில ராத்திரிகளை அவளிடம் விடு. நீ இல்லாமல் முதல் வாரம் நாலைந்து பேர் சாவார்கள், சாகட்டும், அங்கேதான் திரும்ப எழுந்துவிடுகிறார்களே. தினமும் உள்ளே வந்தால் பரிசு என்று கொடுக்கிறார்களே, அதில் ஒரு நாளை வேண்டுமென்றே விட்டுப் பார். என்ன ஆகிறது என்று எனக்குச் சொல். ஒரு நாளைக்கூட விட முடியவில்லை என்றால் அதையும் சொல். இந்தப் பழக்கத்துக்கென்றே பார்க்கிற மருத்துவர்கள் இருக்கிறார்கள், நானும் கூட வருகிறேன். அறைக்கு வெளியே உட்கார்ந்துகொள்கிறேன்.

தூங்கு. மணிக்கட்டு வலிக்கிறது என்றாயே, அதற்கும் தூக்கம்தான் முதல் மருந்து.

ரெய்டு இல்லாத நேரம் எது என்று எழுது, அப்போது கூப்பிடுகிறேன். வேலை இருக்கிறதா, இல்லையா? ஒரு வார்த்தையில் பதில் போதும். இல்லை என்றால் இல்லை என்று எழுது. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். வீட்டில் உன் அறை அப்படியேதான் இருக்கிறது. தம்பியின் பழைய சைக்கிளை மட்டும் உள்ளே வைத்திருக்கிறேன், சொன்னால் எடுத்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: வேறு செய்தி எதுவும் எழுதவில்லையே என்று இப்போதுதான் பார்த்தேன். அப்பாவுக்குப் பல் பிடுங்கியாயிற்று. அத்தை வந்து தங்கிவிட்டுப் போனார், உன்னை மூன்று தரம் விசாரித்தார், வேலையில் பிஸி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.