கியர் குலுங்கினால் உடனே கிளட்ச் செட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கியர் மாற்றும்போது கார் குலுங்குகிறது என்று கேட்டிருந்த வாசகருக்கு உங்கள் வாகனப் பக்கத்தில் ‘கிளட்ச் செட்டை மாற்றிவிடுங்கள்’ என்று ஒரே வரியில் பதில் தந்திருக்கிறீர்கள். கிளட்ச் செட் (பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் சேர்ந்தது) மாற்ற வேண்டுமென்றால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். செட்டின் விலையோடு கூலியும் சேர்ந்துகொள்ளும். இறக்குவதற்கு முன்னால் காசு செலவில்லாமல் பார்த்துவிடக் கூடியவை பல இருக்க, அவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் விட்டது சரியல்ல.

குலுக்கல் எப்போது வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. நின்ற வண்டி முதல் கியரில் நகரும்போது அதிர்கிறதா, லீவர் உள்ளே போக மறுத்துக் கரகரக்கிறதா, கியர் விழுந்து கிளட்சை விட்ட பிறகு ‘டக்’கென்று இடிக்கிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. கியரையே தொடாமல் இரண்டாம் கியரில் ஊரும்போதும் வண்டி வெட்டி வெட்டிப் போனால் கியர் பாக்ஸ் பக்கமே போக வேண்டாம். எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் படிந்த கரி, ஸ்பார்க் பிளக், ஃபியூயல் ஃபில்டர் என்று எஞ்சின் பக்கம் தேட வேண்டும்.

லீவர் முரண்டு பிடிக்கிறதா? சமதரையில் எஞ்சினை அணைத்து, கிளட்சை மிதித்து, எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். ஒரு கியர் விழாவிட்டால் வண்டியை அரை அடி தள்ளிவிட்டு மறுபடி போடலாம். அப்போதும் எல்லாமே இறுக்கமாக இருந்தால் கியர் கேபிள் அல்லது லீவரைக் கியர் பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜின் புஷ்களைச் சந்தேகிக்கலாம். அணைத்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் இறுகினால், கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. பெடலை மிதித்த பிறகும் எஞ்சின் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்டை, அதாவது சுழற்சியை உள்ளே வாங்கும் தண்டை, சுழற்றிக்கொண்டே இருக்கிறது, கியர் விழும் முன் வேகங்களை ஒன்றாக்கும் வளையமான சிங்க்ரோ ரிங்கால் வேகத்தைச் சமன் செய்ய முடியவில்லை என்று அர்த்தம். இதை உறுதி செய்ய ரிவர்ஸ் கியர் உதவும். பல கார்களில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, கிளட்சை அடிவரை மிதித்து, நான்கைந்து விநாடி பொறுத்து, மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும். அவ்வளவு பொறுத்த பிறகும் கரகரத்தால் கிளட்ச் பிரியவில்லை என்பது உறுதி.

அதற்காக உடனே பிளேட்டைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் பெடலுக்கு அடியில் கிடக்கும் மேட்டைப் பாருங்கள். கம்பெனி மேட்டின் மேல் ரப்பர் மேட், அதன் மேல் இன்னொன்று என்று போட்டிருப்பதால் பெடல் அடிவரை போகாத கார்கள் உண்டு. நம்ப முடியாது, ஆனால் அதற்குக்கூடக் கியர் பாக்ஸை இறக்குபவர்கள் இருக்கிறார்கள். அடுத்து, கேபிள் கிளட்சாக இருந்தால் பெடலின் ஃப்ரீ பிளேயை (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரத்தை) மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட்டு, அட்ஜஸ்டர் நட்டில் சரி செய்யலாம். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்சாக இருந்தால் பெடலை இரண்டு மூன்று முறை அடித்து மிதித்துப் பாருங்கள். அடித்த பிறகு கியர் சுலபமாக விழுந்தால் லைனில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பெடல் பக்கம் உள்ள மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கிறது. கியர் பாக்ஸின் வெளியே இருந்து கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அங்கேதான் கசிவு. சிலிண்டரை மாற்றி, லைனில் உள்ள காற்றை வெளியேற்றினால் வேலை முடிந்தது. ஸ்லேவ் சிலிண்டர் கியர் பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும் மாடல்களில் மட்டும் இறக்குவதைத் தவிர வழியில்லை.

கியர் ஆயிலை யாரும் கண்டுகொள்வதில்லை. வண்டி சமதளத்தில் நிற்கும்போது, பெரும்பாலான கார்களில் ஆயில் ஊற்றும் ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். சிறிய கார்களுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் பிடிக்கும். பழையதை வடிப்பதற்கு முன் ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வடித்த பிறகு அது துருப்பிடித்துக் கழலாமல் போனால் வண்டி அங்கேயே நிற்கும். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள். ‘ஜிஎல்-5 உயர்ந்த ரகம்’ என்று கடைக்காரர் கொடுத்தால் அப்படியே ஊற்றிவிடாதீர்கள். மேனுவல் ஜிஎல்-4 கேட்டிருந்தால் அதுதான் வேண்டும். ஜிஎல்-5இல் அதிகமாக உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளுக்கு ஒத்துவராமல் போகலாம். ரிங்குக்குக் கொஞ்சம் உராய்வு இருந்தால்தான் கியரின் வேகத்தைப் பிடித்து நிறுத்த முடியும். 2015, 2023 டிசம்பர்களில் சென்னையில் நடந்ததுபோல வெள்ளத்தில் நின்ற காராக இருந்தால், கியர் பாக்ஸின் காற்றுத் துளையான ப்ரீதர் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கலாம். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வடிந்தால் அதை உடனே மாற்றியாக வேண்டும்.

ஆயில் சரி, கிளட்சும் நன்றாகப் பிரிகிறது, ஆனால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் கரகரக்கிறது என்றால் அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. இதற்குக் கியர் பாக்ஸைத் திறந்தே ஆக வேண்டும்.

கிளட்சை விட்டதும் ‘டக்’கென்று இடிப்பதற்குப் பெரும்பாலும் எஞ்சினைத் தாங்கும் மவுண்டும், கீழே அதை ஆடாமல் பிடித்திருக்கும் டார்க் ராடின் ரப்பரும்தான் காரணம். பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக்கையும் கால் பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்சைக் கடிக்கும் புள்ளி வரை மட்டும் விட வேண்டும். பிறகு ரிவர்ஸிலும் அப்படியே. இன்னொருவர் பக்கவாட்டில் நின்று கவனிக்க வேண்டும், வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கவே கூடாது. எஞ்சின் எகிறி ஆடினால் மவுண்ட் போய்விட்டது. அது சரியாக இருந்தால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

வண்டி கிளம்பும்போது மட்டும் உதறுவதுதான் பெரும்பாலும் கிளட்ச் செட் சம்பந்தப்பட்டது. பிளேட்டில் ஆயில் பட்டிருக்கும், அல்லது ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சிலேயே பிடித்து வைத்து, பிளேட்டை இருபுறமும் அழுத்தும் பிரஷர் பிளேட்டும் ஃப்ளைவீலும் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும். ஆயில் பட்டிருந்தால், கசியும் சீலை மாற்றாமல் புது பிளேட் போடுவது வீண். அப்படி மாற்றும்போது பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலைக்கு மேல் லைனிங் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் பல சர்வீஸ் மேனுவல்கள் அதைத் தேய்ந்தது என்கின்றன. நல்ல தடிமன், எண்ணெய்ப் பிசுக்கில்லை, கருகலும் இல்லை என்றால், எதற்காக மாற்றினார்கள் என்று அங்கேயே கேட்டுவிடலாம்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக்குகள் இருவர்,
கோயம்புத்தூர்