கல்லுக்குப் பணம் சேர்ந்துவிட்டது, சொல்லுக்கு இன்னும் சேரவில்லை

அன்புள்ள பெற்றோரே, தாத்தா பாட்டிகளே, பங்கு மக்களே,

சிட்னியில் உள்ள நம் கத்தோலிக்கப் பள்ளியின் பின்புறம், கூடைப்பந்துத் திடலுக்கும் வேலிக்கும் நடுவே, புல்கூடச் சரியாக முளைக்காத ஒரு மூலை இருக்கிறதே, அங்கேதான் உரையாடல் வட்டம் அமையப்போகிறது. மணற்கற்களை வட்டமாகப் போட்டு, சுற்றிலும் இந்த மண்ணுக்கே உரிய செடிகளை நடப்போகிறோம். பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து கேட்கலாம், பேசலாம். கல்லுக்கும் செடிக்கும் பணம் சேர்ந்துவிட்டது. அந்த வட்டத்தில் வந்து அமர்ந்து பேச வேண்டிய பூர்வகுடி மூத்தோருக்குக் கொடுக்கத்தான் கையில் பணம் இல்லை. இந்தக் கடிதம் அதற்காக.

கடந்த ஆண்டு மே மாதம் நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் தவறு எங்களுடையது. ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களோடு உறவைச் சீர்செய்துகொள்ளும் நல்லிணக்க வாரத்துக்குப் பிள்ளைகளை வைத்து ஏதாவது செய்யலாம் என்று நம் தமிழ்ப் பெற்றோர் குழு முன்வந்து வண்ணங்களும் பஞ்சுக் குச்சிகளும் வாங்கிக் கொடுத்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் புள்ளி புள்ளியாக வைத்து ஆமை, பல்லி, கங்காரு எல்லாம் வரைந்தார்கள். மண்டபம் முழுக்க மாட்டினோம், பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டோம். நம் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் பாட்டி, சிட்னிப் பகுதியின் பூர்வகுடிகளான தாருக் மக்களைச் சேர்ந்தவர். அவர் ஓவியங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "அழகாக இருக்கிறது. ஆனால் இது எங்களுடையது அல்ல" என்றார்.

புள்ளி ஓவியம் என்று இன்று உலகம் அறிந்திருப்பது மேற்குப் பாலைவன மக்களின் கலை. நடு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே உள்ள பப்பன்யாவில், 1971இல் தொடங்கி, பலகையிலும் பிறகு துணியிலும் ஏறிய கலை அது. சிட்னிப் பகுதியின் கலை வேறு. மணற்பாறையில் செதுக்கிய மீன்களும் திமிங்கிலங்களும் இங்கே உண்டு. பாறைக் குடைவுகளில் கையை வைத்து, வாயால் வண்ணம் ஊதிப் பதித்த அச்சுகள் உண்டு. இக்கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. நாங்களோ எல்லாவற்றையும் ஒரே வண்ணப் பெட்டிக்குள் அடைத்துவிட்டோம். பொங்கல் விழாவில் பரதம் ஆடிய பிள்ளையிடம் "பாலிவுட் நடனம் அருமை" என்று சொன்னவர்களைப் பார்த்து நாம் எத்தனை முறை பல்லைக் கடித்திருப்போம்! அன்று அந்த இடத்தில் நாங்கள் நின்றோம்.

அந்தப் பாட்டி கோபிக்கவில்லை. வகுப்புக்கு வந்து ஒரு மணி நேரம் பேசினார். அன்று பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த செய்திகளைக் கேட்டுத்தான் இந்தத் திட்டமே பிறந்தது. பக்கத்தில் உள்ள பரமட்டா என்ற ஊரின் பெயர் விலாங்கிலிருந்து வந்தது என்று என் மகன் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னான். விலாங்குகள் கிடக்கும் இடம் என்பது பொருளாம். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது என்று பழமொழியில் மட்டுமே நாம் அறிந்த விலாங்கு, இந்தப் பரமட்டா ஆற்றிலிருந்து புறப்பட்டு நியூ கலிடோனியா பக்கத்துக் கடல்வரை போய் முட்டையிட்டு இறக்கிறது. அதன் குஞ்சுகள் கடலோட்டத்தோடு திரும்பி வந்து ஆற்றில் ஏறுகின்றன. இருபது ஆண்டுகளாக அந்த ஆற்றுப் பாலத்தின் மேல் வேலைக்குப் போய்வருகிறேன். எனக்கு இது தெரியாது. பக்கத்து ஊரான டூங்காபியும் தாருக் பெயர்தான். கோவாலா, டிங்கோ, வாலபி, பூமராங் எல்லாம் இங்கிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட சொற்கள், நம்மிடமிருந்து கட்டுமரத்தை எடுத்துக்கொண்டதைப் போல.

பாட்டி சொன்னவற்றில் மரியாவின் கதையைத்தான் பிள்ளைகள் இன்னும் விடாமல் கேட்கிறார்கள். 1814இன் கடைசியில் நியூ சவுத் வேல்ஸின் பிரிட்டிஷ் ஆளுநர் மக்குவாரி பரமட்டாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு ஒரு நிறுவனம் தொடங்கினார். பிள்ளையை ஒப்படைத்த பெற்றோர், குறிப்பிட்ட வயது வரும்வரை திருப்பி அழைத்துக்கொள்ள முடியாது என்பது அதன் விதி. யாரமுண்டி என்ற தாருக் தலைவரின் மகள் மரியா அங்கே சேர்க்கப்பட்ட முதல் பிள்ளைகளில் ஒருத்தி. 1819இல் நடந்த பொதுத் தேர்வில், ஏறத்தாழ நூறு ஐரோப்பியப் பிள்ளைகளும் எழுதிய தேர்வில், பதினான்கு வயதுப் பூர்வகுடிச் சிறுமி ஒருத்தி முதல் பரிசு பெற்றாள். அது மரியாதான் என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். பிள்ளையின் மதிப்பெண்ணுக்காக இரவு பகலாக அலையும் நமக்கு இந்த இடம் இனிக்கத்தான் செய்யும். ஆனால் கதை பரிசோடு முடியவில்லை. அவளுடைய அண்ணன் கோல்பிக்குக் கொடுக்கப்பட்டிருந்த நிலத்தைத் தனக்குத் தர வேண்டும் என்று 1831இல் ஆளுநருக்கு மனு எழுதினாள். நிலம் கைக்கு வந்தது 1843இல். பன்னிரண்டு ஆண்டுகள்! விசாவுக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்தக் கணக்கு புரியும். 1878இல் இறந்த மரியாவின் கல்லறை, நம்மில் பலர் வார இறுதியில் பிள்ளைகளோடு போகும் ப்ராஸ்பெக்டில்தான் இருக்கிறது. இன்று வாழும் தாருக் குடும்பங்களில் பல அவளுடைய வழித்தோன்றல்கள்.

அந்த நிறுவனம் 1823இல் இடம் மாறிப் போன ஊருக்குத்தான் பிளாக்டவுன் என்ற பெயர் நிலைத்தது. பெயரின் காரணம் தெரிந்த பிறகு ரயில் அறிவிப்பில் அதைக் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது. 1829இல் நிறுவனம் மூடப்பட்டது. அந்த நிலம் தாருக் மக்களிடம் திரும்பி வந்தது 2018இல்.

மரியா படித்தது கத்தோலிக்கப் பள்ளி அல்ல என்று நாம் நகர்ந்துகொள்ள முடியாது. குடும்பங்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளான களவாடப்பட்ட தலைமுறையைப் பற்றிய 1997ஆம் ஆண்டு அறிக்கையில், பிரிக்கப்பட்ட பிள்ளைகள் வைக்கப்பட்டிருந்த திருச்சபை இல்லங்களும் இடம்பெறுகின்றன. அவற்றில் நம் திருச்சபையின் இல்லங்களும் உண்டு. அதே திருச்சபையின் தலைவராக 1986 நவம்பரில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பூர்வகுடி மக்கள் தங்கள் பங்கை அளித்து, மற்றவர்கள் அதை மகிழ்ச்சியோடு ஏற்கும் வரை ஆஸ்திரேலியத் திருச்சபை இயேசு விரும்பும் திருச்சபையாக முழுமை பெறாது என்றார். நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. நம் பிள்ளைகள் காலை செபத்துக்கு முன் இரண்டு நிமிடம் அமைதியாக அமர்ந்து கேட்கிறார்களே, அதன் பெயர் ததிரி. வட ஆஸ்திரேலியாவின் டேலி ஆற்றங்கரையைச் சேர்ந்த பூர்வகுடி ஆசிரியர் மிரியம்-ரோஸ் உங்குன்மெர் பாவ்மன் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குத் தந்த கொடை அது. அதுவும் வடக்கின் சொல், இந்த ஊருடையது அல்ல என்பதை இப்போது சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு முறை பட்டது போதும்.

சென்ற கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து நேராகவே கேட்டார்: "செய்தது வேறு யாரோ. நாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், அல்லது வேலை தேடி வந்தவர்கள். இதில் நமக்கென்ன?" நியாயமான கேள்வி. அவரை யாரும் அடக்கவில்லை. பூர்வகுடி மக்களின் குரலை நாடாளுமன்றத்துக்குச் சொல்ல ஓர் அமைப்பு வேண்டுமா என்று கேட்ட 2023 பொதுவாக்கெடுப்பில் நம் குடும்பங்களுக்குள்ளேயே இரண்டு பக்கமும் வாக்கு விழுந்தது எல்லாருக்கும் தெரியும். இந்தக் கடிதம் அதைத் திரும்பக் கிளறவில்லை. எங்கள் பதில் சின்னது. தமிழ்நாட்டில் நிலம் வாங்கினால் தாய்ப்பத்திரம் கேட்போம். யாழ்ப்பாணத்தில் காணி வாங்கினால் உறுதியைப் பாட்டன் காலம்வரை புரட்டுவோம். இங்கே முப்பது ஆண்டுக் கடனில் வீடு வாங்கிய நாம் தாய்ப்பத்திரம் கேட்டோமா? அதைக் கிழித்தவர்கள் நாம் அல்லதான். வீடு நம் பெயரில் இருக்கிறது.

நல்லிணக்கம் என்று அரசு மொழிபெயர்ப்புகள் சொல்வதை நம் கோவிலில் ஒப்புரவு என்கிறோம். முதல் நன்மை வாங்கத் தயாராகும் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்: பாவத்தைச் சொன்னால் மட்டும் போதாது, பரிகாரமும் செய்ய வேண்டும் என்று ஒப்பிக்கும். பழந்தமிழில் ஒப்புரவு என்றால் ஊருக்காகக் கொடுப்பது. ஒரே சொல்லுக்குள் இரண்டும் இருப்பது நன்கொடை கேட்கும் எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

இனிக் கணக்கு. மொத்தச் செலவு 24,600 டாலர். கற்களுக்கும் நிலத்தைச் சமன்படுத்தவும் 9,800, செடிக்கும் மண்ணுக்கும் 3,200, அனுமதி, காப்பீடு வகைக்கு 1,200, பெயர்ப்பலகைகளுக்கு 1,800. மீதி 8,600 டாலர், மூத்தோர் நான்கு பருவங்கள் வந்து பிள்ளைகளோடு அமர்வதற்கும், பலகைகளில் வரும் தாருக் சொற்களைச் சரிபார்த்துத் தருவதற்கும். பள்ளிப் பெற்றோர் சங்கம் 10,000 கொடுத்திருக்கிறது. பள்ளி விழாவில் நம் கொத்து ரொட்டிக் கடையும் வடைக் கடையும் சேர்ந்து 3,450 ஈட்டின. (கொத்து ரொட்டிதான் முன்னணி. வடைக்காரர்கள் மன்னிக்க.) குறை 11,150. பிலிப்பினோ, மலையாளி, லெபனீயக் குடும்பங்கள் தங்கள் பங்கை ஏற்றுக்கொண்டன. நம் தமிழ்க் குடும்பங்கள் ஏற்றது 4,200. எழுபது குடும்பங்கள் என்றால் வீட்டுக்கு 60 டாலர்.

8,600 டாலர் பேச்சுக்கா என்று புருவம் உயர்த்தியவர்கள் உண்டு. பண்பாட்டை இலவசமாகப் பகிர வேண்டாமா என்றும் கேட்டார்கள். அந்தோனியார் திருநாளுக்குக் கூத்துப் போட அண்ணாவியாரை அழைத்தால் வெற்றிலையும் வேட்டியும் வைத்துத்தானே அழைப்போம்? மேளக்காரருக்குப் பேசிய தொகையைக் குறைத்துக் கொடுத்தால் ஊர் சும்மா விடுமா? அந்தப் பாட்டி கடந்த ஆண்டு ஒரு மணி நேரம் பேசியதற்கு நாங்கள் கொடுத்தது ஒரு பூங்கொத்தும் நன்றி அட்டையும். தேநீர் கொடுத்தோம் என்றுகூட அப்போது பெருமைப்பட்டுக்கொண்டோம். பக்கத்திலுள்ள எல்லாப் பள்ளிகளும் பூர்வகுடி மக்களுக்கான வாரங்கள் வரும் மே கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் அதே சில முதியவர்களைத்தான் தேடி ஓடுகின்றன. அது உழைப்பு. அதற்குக் கூலி உண்டு.

இன்னும் இரண்டு வார்த்தை. வளரிக்கும் பூமராங்குக்கும் முடிச்சுப் போட்டு, குமரிக் கண்டம் வழியாக நாமும் அவர்களும் ஒரே இனம் என்று சொல்லும் காணொளிகள் கைப்பேசிக் குழுக்களில் சுற்றுகின்றன. அன்புகூர்ந்து அவற்றை மூத்தோரிடம் காட்ட வேண்டாம். விருந்துக்கு அழைத்தவரிடம் "நானும் இந்த வீட்டுக்காரன்தான்" என்று சொல்வதைப் போன்றது அது. அவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்று அழைக்கச் சொல்லும்போது, அது நாம் பக்கத்து வீட்டாரை அழைக்கும் ஆன்ட்டி அல்ல, அவர்களுடைய மக்கள் தந்த மரியாதைப் பட்டம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பலகையில் தமிழும் இருக்கட்டும் என்று சிலர் ஆசைப்பட்டார்கள். நீண்ட நேரம் பேசி வேண்டாம் என்று முடிவெடுத்தோம். முதலில் தாருக், அதன் கீழே ஆங்கிலம், அவ்வளவுதான். ஆனால் லில்லி பில்லி மரத்தடியில் உங்கள் பிள்ளையிடம் நீங்களே தமிழில் ஒன்று சொல்லலாம்: இது நம் நாவலின் தாயாதி, ஒரே பேரினம். பழத்தைக் கடித்துப் பார்த்தால் உடனே நம்பிவிடும்.

பணத்தை உறையில் போட்டு, குடும்பப் பெயரும் "உரையாடல் வட்டம்" என்றும் எழுதிப் பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள், அல்லது ஞாயிறு தமிழ்த் திருப்பலிக்குப் பின் எங்கள் மேசையில் கொடுங்கள். 60 டாலர் கடினம் என்றால் 10 கொடுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல் ஒட்டப்படாது. இந்த நன்கொடைக்கு வரிச்சலுகை கிடையாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வரவு செலவு ஒவ்வொரு பருவ முடிவிலும் அறிவிப்புப் பலகையில் வரும். நம் பங்கான 4,200க்கு மேல் சேரும் ஒவ்வொரு டாலரும் அடுத்த ஆண்டு மூத்தோர் வருகைக்கே போகும், கல்லுக்குப் போகாது.

நடவு வேலை செப்டம்பர் முதல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. எந்தச் செடி எங்கே என்பதைப் பாட்டிதான் சொல்வார். மழைநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நாங்கள் கோடு போட்டு வைத்திருந்த இடத்தை ஏற்கெனவே மாற்றச் சொல்லிவிட்டார். தொப்பியும் தண்ணீரும் கொண்டுவாருங்கள். மண்வெட்டி இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்; பள்ளியில் நான்குதான் இருக்கின்றன, அதில் ஒன்றுக்குப் பிடி இல்லை.

அன்புடன்,
தமிழ்ப் பெற்றோர் குழுவுக்காக, செயலாளர்