எடைக்குப் போடும் முன் கழுவிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூடிக் கிடக்கும் பழைய அனல்மின் நிலையங்களின் நிலத்தை என்ன செய்யலாம் என்று போன வாரம் உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பூங்கா, குடியிருப்பு, சோலார் என்று ஆளுக்கொரு யோசனை சொல்லியிருந்தார்கள். எல்லாம் சரி, அங்கே இன்னும் நிற்கிற, நீராவி உண்டாக்கிய பாய்லரையும் எண்ணெய் டாங்கையும் யார் எப்படிப் பிரித்து இறக்கப் போகிறார்கள் என்று ஒரு வரி கூட இல்லை. 31 வருடம் பாய்லர் பராமரிப்பில் இருந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெல்லியில் நம் கண்ணெதிரே மூன்று நிலையங்கள் நின்றுவிட்டன. ரிங் ரோடு ஓரம் இருந்த இந்திரப்பிரஸ்தா, காமன்வெல்த் போட்டிக்கு முன்பே போயிற்று. ராஜ்காட் 2015ல் நின்றது. 1973ல் ஓடத் தொடங்கிய பதர்பூர், 705 மெகாவாட், 2018 அக்டோபர் 15ல் நின்றது. அவற்றை மூடியதில் எனக்கு வருத்தம் உண்டு, குறை கிடையாது. நவம்பர் மாதத்தில் இந்த ஊர்க் காற்றைச் சுவாசித்த யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நம் ஊர்ப்பக்கம் எண்ணூர் பழைய நிலையம் 2017லும், நெய்வேலியில் ரஷ்யர்கள் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 2020லும் நின்றன. இன்னும் நாடு முழுக்க வரிசையில் நிறைய இருக்கின்றன. ஆகவே இது ஒரு டெல்லிக்காரனின் கவலை மட்டும் இல்லை.

இந்த ஆலைகளை எப்படி விற்கிறார்கள் தெரியுமா? மொத்தமாகப் பழைய இரும்பு என்று ஏலம் விடுகிறார்கள். ஏலத் தாளில் ஒரு வாசகம் இருக்கும்: இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில், எடுத்தபின் புகார் சொல்லக்கூடாது. யார் அதிக விலை கேட்கிறாரோ அவருக்குக் கொடுக்கிறார்கள். வெளிநாடுகளில் பல இடங்களில் இடிக்கிறவருக்கு ஆலைக்காரர் காசு கொடுக்கிறார், இங்கே பெரும்பாலும் இடிக்கிறவர் ஆலைக்காரருக்குக் காசு கொடுக்கிறார். எல்லாக் கோளாறும் இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகிறது. பல கோடி கட்டி எடுத்தவர், வட்டி ஓடிக்கொண்டிருக்க, இத்தனை நாளில் காலி செய்யாவிட்டால் நாளுக்கு இவ்வளவு அபராதம் என்கிற கெடுவும் தலைமேல் தொங்க, டாங்கைக் கழுவுவாரா? இரும்பை அறுத்து லாரியில் ஏற்றத்தான் பார்ப்பார். அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. கணக்கே அப்படிப் போடப்பட்டிருக்கிறது.

ஓய்வு பெற்றபின் இரண்டு மாதம் ஒரு இடத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இடம், ஆள் பெயர் எதுவும் வேண்டாம். டெல்லிக்கு வெளியே, பழைய ஆலை ஒன்று. பைப் லைன் தெரிந்த ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனேன். கேஸ் கட்டர் பிடித்தவர்களில் ஒரு பையன் கள்ளக்குறிச்சிப் பக்கம், டெல்லியிலேயே குடிசைக் காம்ப்பில் வளர்ந்தவன், தமிழும் இந்தியும் கலந்து பேசுவான், என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவான். ஃபர்னஸ் ஆயில், அதாவது பாய்லரில் எரிக்கும் கெட்டி எண்ணெய், இருந்த டாங்கு ஒன்றை அறுக்கச் சொல்லியிருந்தார்கள். மேன்ஹோலைத் திறந்து இரண்டு நாள் காற்றுப் போக விடுங்கள், அடியில் இருக்கிற வண்டலைச் சுரண்டி எடுங்கள், உள்ளே எரியும் ஆவி இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் நெருப்பு வையுங்கள் என்று நான் டேக்கேதாரிடம், அதாவது காண்டிராக்டரிடம், சொன்னேன். மூன்று நாள் வேலை அது. அவர் தலையை ஆட்டினார். பையன் சிரித்துக்கொண்டே, "ஆறு வருசமா காலியா கெடக்குது பெரியப்பா, இதுல என்னா இருக்கப் போவுது?" என்றான்.

அடியில் ஒரு முழங்கை உயரத்துக்கு வண்டல் இருந்தது, தார் மாதிரி இறுகி. ஆறு வருடம் என்ன, அறுபது வருடம் கிடந்தாலும் அது சும்மாதான் கிடக்கும். சூடு பட்டால்தான் ஆவி கிளம்பும். வெளியே இருந்து தகட்டை அறுத்த சூடு உள்ளே இருந்த வண்டலுக்குப் போய், ஆவி கிளம்பி, அறுத்த ஓட்டை வழியாகவே தீப்பொறியும் உள்ளே போயிற்று. பெரிய சத்தம் கூட இல்லை, தலையணையால் அறைந்த மாதிரி ஒரு சத்தம். மேல் மூடி ஒரு பக்கமாகக் கிழிந்து நின்றது. பையனுக்கு இடது கண் போயிற்று, இரண்டு கையிலும் முழங்கை வரை தோல் உரிந்தது. மறுநாள் காலையில் அதே டாங்கின் மறுபக்கத்தை வேறு ஒருவன் அறுத்துக்கொண்டிருந்தான். நான் அன்றைக்கே கிளம்பி வந்துவிட்டேன். நின்று சண்டை போட்டிருக்க வேண்டும், போடவில்லை. அது இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

பாய்லர் இதைவிட மோசம். வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்: மின் நிலையத்தின் பெரிய பாய்லர் தரையில் உட்கார்ந்திருக்காது, மேலே இருக்கும் உத்தரங்களில் இருந்து தொங்கும். சூடேறினால் ஏறக்குறைய ஒரு சாண் கீழ்நோக்கி நீளும், அதற்காகவே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே கீழே நின்றுகொண்டு கைக்கு எட்டியதை அறுத்தால், தலைக்குமேல் தொங்கும் ஆயிரக்கணக்கான டன் எந்தப் பக்கம் சாயும் என்பது அதை வரைந்தவருக்கும் அதில் பல வருடம் ஏறி இறங்கியவருக்கும்தான் தெரியும். இங்கிலாந்தில் டிட்காட் என்ற இடத்தில் 2016 பிப்ரவரி 23 அன்று, வெடி வைப்பதற்காக முன்கூட்டியே பலவீனப்படுத்திக்கொண்டிருந்த பாய்லர் கட்டடம் தானாகவே சரிந்தது. நான்கு தொழிலாளர்கள் போனார்கள். கடைசி உடல் கிடைக்கும்போது செப்டம்பர் ஆகிவிட்டது. சட்டமும் கருவியும் உள்ள தேசத்தில் இது. 2025 நவம்பரில் தென் கொரியாவின் உல்சானிலும் இதே மாதிரி, இடிப்பதற்குத் தயார் செய்துகொண்டிருந்த பாய்லர் கோபுரம் விழுந்து ஏழு பேர் போனார்கள்.

நொய்டாவில் இரட்டைக் கோபுர அடுக்குமாடியை இடித்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். 2022 ஆகஸ்ட் 28, சுமார் 3,700 கிலோ வெடிமருந்து, ஒன்பது வினாடி. என் பேத்தி கைதட்டினாள். அதற்கு முன் மாதக்கணக்கில் நடந்த வேலையும், சுற்றிலும் இருந்த குடியிருப்புகளைக் காலி செய்ததும் அந்த ஒன்பது வினாடியில் தெரியாது. அதிலும் அது வெறும் கான்கிரீட். ஆளே குடியேறாத வீடுகள். எண்ணெய் இல்லை, அமிலம் இல்லை, கல்நார் இல்லை.

கல்நார் என்று சொன்னேன், ஆஸ்பெஸ்டாஸ். 80களில் நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது கல்நார்க் கயிற்றைக் கையாலேயே பிய்த்துச் சுற்றுவோம். பழைய நீராவிக் குழாய்களின் மேல் பூச்சும் அதுதான். மதியம் அந்த மூட்டைகள் மேலேயே உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்போம், சட்டையில் வெள்ளையாகப் பொடி இருக்கும், தட்டிவிட்டுச் சாப்பிடுவோம். யாரும் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நார் நுரையீரலுக்குள் போனால் 20 வருடம், 40 வருடம் கழித்துத்தான் புற்றுநோயாக வெளியே வருகிறது. இப்போது இடிக்கும்போது என்ன நடக்கிறது? குழாயின் மேல் சுற்றியிருக்கும் அலுமினியத் தகட்டுக்கு நல்ல விலை. அதைப் பிடுங்கத்தான் முதலில் ஆள் போகிறது, பெரும்பாலும் பெண்கள், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு. தகட்டை இழுத்தால் உள்ளே இருப்பது உலர்ந்த மாவு மாதிரி உதிர்கிறது. தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு எடுத்து, இரட்டைப் பையில் கட்டி, தனியாக அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆனால் தண்ணீர் தெளிக்கிற நேரத்தில் இன்னும் நாலு குழாயை உரித்துவிடலாமே என்று கணக்குப் போடுகிறார்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயும் அப்படித்தான். சிலவற்றில் பிசிபி என்கிற விஷம் கலந்திருக்கும். 2025 டிசம்பருக்குள் அதன் பயன்பாட்டையே நிறுத்த வேண்டும் என்று அரசு ஆணை போட்டிருந்தது. எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று சோதித்துச் சீட்டு ஒட்டாமல் ஏலம் விட்டால், அது மண்ணில்தான் கொட்டும்.

தெரியாமல் எடைக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதை டெல்லிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2010ல் இங்கே மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்தது அது. பல்கலைக்கழக ஆய்வகத்தில் பல வருடம் சும்மா கிடந்த கருவியை ஏலத்தில் விற்றார்கள், கபாடிக் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், அதைப் பிரித்தார்கள், உள்ளே கதிர்வீச்சு வீசும் கோபால்ட்-60. பிரித்தவர்களுக்கு உடம்பு கறுத்தது, முடி உதிர்ந்தது, ஒருவர் இறந்தார். கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலையின் உடைந்த கண்ணாடி பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்ததை 2001ல் மக்கள் கண்டுபிடித்த பிறகுதான் ஆலையை மூடினார்கள். போபாலில் 1984 விஷவாயுக் கசிவுக்குப் பிறகு நின்ற ஆலையில் இருந்து 337 டன் விஷக் கழிவை வெளியே எடுத்துப் பீதம்பூருக்கு அனுப்பியது 2025 ஜனவரியில், நாற்பது வருடம் கழித்து. அந்த நாற்பது வருடமும் பக்கத்து பஸ்திகளில், அதாவது குடிசைப் பகுதிகளில், ஜனங்கள் குடியிருந்தார்கள், பலர் அங்கே நிலத்தடி நீரைத்தான் குடித்தார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கழுவுவதையும் இடிப்பதையும் தனித்தனியாகப் பிரியுங்கள். ஆலையை ஓட்டியவர்களே, அவர்கள் செலவிலேயே, ஏலத்துக்கு முன்பே டாங்கையும் குழாயையும் காலி செய்து, நீராவி விட்டுக் கழுவி, கல்நாரை எடுத்து, எண்ணெயைச் சோதித்து, எது எங்கே இருக்கிறது என்று பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். அதற்கப்புறம் இரும்பை விற்கட்டும். ஏலத்தில் வருகிற பணத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவைத்தாலே இந்தச் செலவு தாங்கும். அனல்மின் நிலையங்களை மூடுவதற்கென்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டு நெறிகள் உண்டு. கட்டட இடிப்புக்கு ஐஎஸ் 4130 என்று பாதுகாப்பு விதிகளும் பல வருடமாக இருக்கின்றன. காகிதத்துக்குப் பஞ்சம் இல்லை. ஏலத் தாளில் அந்த "இருக்கிற நிலையில்" என்கிற வார்த்தை இருக்கும்வரை இவையெல்லாம் ஆலையின் வாசல் கேட்டுக்கு வெளியேதான் நிற்கும்.

இன்னொன்று. ஆலையை மூடும்போது முதலில் வெளியே அனுப்புவது பழைய ஆட்களை. வரைபடங்கள் பாதி கரையானுக்குப் போயிருக்கும், மீதியில் பின்னால் செய்த மாற்றம் எதுவும் இருக்காது. எந்த வால்வை அடைத்தால் எந்த லைன் நிற்கும், எந்தக் குழாயைப் பாதியில் வெட்டி வேறு பக்கம் கொண்டுபோனோம், எந்தப் பள்ளத்தில் அமிலத்தைக் கொட்டி மண் மூடினார்கள் என்பதெல்லாம் ஹெல்பர்களுக்கும் ஃபோர்மேன்களுக்கும்தான் தெரியும். அவர்களில் நாலு பேரை ஆறு மாதம் கூட வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

உங்கள் வாசகர்களில் இப்படிப்பட்ட ஆலைகளில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிச்சயம் இருப்பார்கள், டெல்லியில் மட்டுமல்ல, நெய்வேலியிலும் தூத்துக்குடியிலும் எண்ணூரிலும். அவர்கள் நினைவில் இருப்பதை எழுதி அனுப்பச் சொல்லி உங்கள் நாளிதழ் ஒரு முறை கேட்க வேண்டும். என்னிடம் நாலு நோட்டு இருக்கிறது. 1987ல் இருந்து, பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஒவ்வொரு ஷட்டவுனிலும் நாங்கள் எதை மாற்றினோம், எங்கே கல்நார் சுற்றினோம் என்று தேதி போட்டு எழுதியவை. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், ஆனால் படிக்கலாம். நான் வேலை பார்த்த அந்த நிலையத்தை இறக்கப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் உங்கள் அலுவலகம் மூலம் கேட்டால் நானே கொண்டுவந்து தருகிறேன், கூட நின்று காட்டவும் செய்கிறேன். மூன்று மாடி வரை இன்னும் ஏற முடியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாய்லர் ஃபோர்மேன்,
மயூர் விஹார், டெல்லி