தொட்டி முதலில், மீன் பிறகு

அன்புள்ள மகளுக்கு,

பேரனின் பிறந்தநாளுக்கு மீன்தொட்டி வாங்கப்போவதாக நீ சொன்னது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் தொட்டியையும் மீன்களையும் ஒரே நாளில் வாங்கி, அன்று மாலையே மீன்களை நீரில் விடும் எண்ணத்தைக் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மீன் தன் பூக்களின் (செவுள்களின்) வழியாக அமோனியா என்னும் நச்சுக் கழிவை ஓயாமல் வெளியேற்றுகிறது. மட்டக்களப்பு வாவியில் அது பெருநீரில் கலந்து ஐதாகிவிடும். சேற்றிலுள்ள பற்றீரியாக்களும் நீர்ப்பாசிகளும் அதனை உட்கொண்டுவிடும். புதிய கண்ணாடித் தொட்டியில் அந்தப் பற்றீரியாக்கள் இல்லாததால், மீன் தன் கழிவிலேயே நீந்தி, பூக்கள் வெந்து, மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து தவிக்கும். சில நாட்களில் ஒருவகைப் பற்றீரியா தோன்றி அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சுதான்: இரத்தத்தின் ஈமோகுளோபினை ஒட்சிசனைச் சுமக்க முடியாதபடி அது மாற்றிவிடுவதால், நீரில் ஒட்சிசன் நிறைந்திருந்தாலும் மீன் மூச்சுத்திணறும். இன்னொரு வகைப் பற்றீரியா பெருகிய பின்னரே நைத்திரைற்று, பெரிதும் தீங்கற்ற நைத்திரேற்றாக மாறும். இவையெல்லாம் நிலைபெற வழமையாக 4 முதல் 6 வாரங்கள் செல்லும்.

“முதலில் இரண்டு மலிவான மீன்களை விட்டுப் பாருங்கள்” என்று கடைகளில் சொல்வார்கள். அதற்கு நீ இணங்கக்கூடாது. விலை குறைந்த மீனுக்கும் பூக்கள் எரியும். நீரைச் சோதிக்கும் கருவியாக ஓர் உயிரைப் பயன்படுத்துவதை என்னால் ஏற்க முடியாது, பிள்ளையின் கண்முன்னே அது நடப்பதை இன்னும் ஏற்க முடியாது.

மீனில்லாமலே தொட்டியைப் பழக்கலாம். உங்கள் குழாயில் வரும் உன்னிச்சைக் குளத்து நீரில் குளோரீன் சேர்க்கப்பட்டிருக்கும். அது பற்றீரியாக்களையும் கொன்றுவிடும். ஆகவே கடையில் கிடைக்கும் குளோரீன் நீக்கியைக் கலந்த பின்னரே அந்த நீரைத் தொட்டியில் ஊற்று. மணலையும் பஞ்சு வடிகட்டியையும் அமைத்து, காற்றுப் பம்பியை இரவு பகலாக ஓடவிடு, ஏனெனில் அந்தப் பற்றீரியாக்களுக்கும் ஒட்சிசன் வேண்டும். பிறகு சிறிய இறால் துண்டொன்றைத் துணியில் முடிந்து நீரில் இடு. அது அழுகும்போது வரும் அமோனியாவே அவற்றின் உணவு. அமோனியா லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவு வந்ததும் முடிச்சை எடுத்துவிட்டு, அளவு குறையக் குறைய மீண்டும் இடலாம். பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாரேனும் தம் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டைத் தந்தால் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். நோயற்ற தொட்டியா என்று மட்டும் கேட்டுக்கொள்.

அளப்பதற்குத் துளித் திரவச் சோதனைப் பெட்டியொன்று வாங்கு. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் பெறுமானத்தையும் பார்: அது 7 இலிருந்து 8 ஆக உயர்ந்தால், அமோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழ பத்து மடங்காகும். நம் ஊர் வெப்பம் பற்றீரியாக்களுக்கு உதவினாலும், இந்த நஞ்சையும் கூட்டவே செய்யும்.

பிறந்தநாளன்று நீர்ச்செடிகள் நட்ட தொட்டியையும் ஒரு குறிப்பேட்டையும் பேரனிடம் கொடு. ஒவ்வொரு சோதனையின் அளவையும் அவனே எழுதட்டும்; காத்திருப்பதில் அவனுக்கும் ஒரு வேலை இருக்கும். லீற்றருக்கு 2 மில்லிகிராம் அமோனியா 24 மணித்தியாலத்தில் முற்றாக மறைந்து, நைத்திரைற்றும் பூச்சியமாக இருந்தால் தொட்டி ஆயத்தம். அப்போது சேர்ந்திருக்கும் நைத்திரேற்றைக் குறைக்க நீரின் பெரும்பகுதியை மாற்றிவிட்டு, அடுத்த நாளே சில கப்பி மீன்களை மட்டும் வாங்கு; உணவின்றி நாட்கள் சென்றால் பற்றீரியாக்கள் குறையத் தொடங்கும். மீன் பையைக் கால் மணித்தியாலம் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்த பின்னரே மீன்களை விட வேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவிவிடாதே. தொட்டியிலிருந்து எடுத்த நீரில் மெதுவாகப் பிழிந்தால் போதும்.

முதல் வார அளவுகளைப் பேரன் எழுதியதும் எனக்குப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா