நானோ யூரியா திடலில் விடுபடும் மூன்று துண்டுகள்: வேளாண்மைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேளாண்மை – உழவர் நலத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். இலையில் தெளிக்கும் நுண்துகள் திரவ உரமான நானோ யூரியாவின் ஒரு பாட்டில், ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு என்கிறார்கள். அதைக் காட்ட அடுத்த செயல்விளக்கத் திடல் போடுமுன் ஒரு கணக்கைப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46%, அதாவது 20.7 கிலோ. உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2021-இல் சேர்ந்த நானோ யூரியாவின் அரை லிட்டர் பாட்டிலில் 4%, அதாவது 20 கிராம். பின்னால் வந்த ‘பிளஸ்’ பாட்டிலில் 20% என்று உயர்த்தியும் 100 கிராம்தான். ஒரு கிலோ நெல் விளைய, வைக்கோலுக்கும் சேர்த்து, பயிர் எடுக்கும் தழைச்சத்து ஏறத்தாழ 15 முதல் 20 கிராம். இந்த ‘பிளஸ்’ பாட்டில் முழுவதும் சிந்தாமல் இலைக்குள் போனாலும் ஐந்தாறு கிலோ நெல்லுக்குத்தான் கட்டும்.

மூட்டை யூரியா வீணாகிறது என்பது உண்மை. அமோனியாவாக ஆவியாகிறது, நீரோடு இறங்குகிறது, கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகவும் போகிறது. ஆனால் பாதி வீணானாலும் மூட்டையில் மிஞ்சுவது 10 கிலோ தழைச்சத்து.

திடலின் ஒரு துண்டில் முழு யூரியா, இன்னொன்றில் பாதி யூரியாவோடு நானோ தெளிப்பு, மகசூல் சமம் என்றால் அது நானோவின் வெற்றி ஆகிவிடாது. ஏற்கெனவே உரம் மிகுந்த வயலில் பாதி யூரியாவே போதுமாக இருந்திருக்கலாம். ஆகவே இன்னும் மூன்று துண்டுகள் வேண்டும்: யூரியாவே இடாதது ஒன்று; பாதி யூரியாவோடு வெறும் தண்ணீர்த் தெளிப்பு ஒன்று; பாதி யூரியாவோடு, ‘பிளஸ்’ பாட்டிலுக்கு ஈடாக 217 கிராம் சாதா யூரியா கரைத்த தெளிப்பு ஒன்று. கடைசித் துண்டு நானோ துண்டுக்குச் சமமாக விளைந்தால் 225 ரூபாய் பாட்டில் எதற்கு? அந்த 217 கிராமின் மானிய விலை ஒன்றரை ரூபாய்கூட இல்லை.

ஐந்தையும் இடம் மாற்றி நான்கு முறை போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வரப்பு, தனி மடை. பொது மடை என்றால் முழு யூரியாத் துண்டின் உரம் நீரோடு பக்கத்துக்குப் பாய்ந்து எல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும். அதே வயலில் மூன்று ஆண்டு தொடருங்கள். முதல் போகத்தில் மண் தன் இருப்பைக் கொடுத்துச் சரிவை மறைத்துவிடும். நெல், வைக்கோல் இரண்டிலும் தழைச்சத்தைக் கெல்டால் என்ற ஆய்வக முறையில் அளந்து பாருங்கள், எடை மட்டும் போதாது. நானோ துகளின் அளவைக் காய்ச்சி வடித்த நீரில் பார்த்தால் பயனில்லை, தெளிப்பானில் ஊற்றும் போர்த் தண்ணீரில் பார்க்க வேண்டும். உப்பு நீரில் நானோ துகள்கள் ஒட்டித் திரளக்கூடியவை.

நானோ ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. இலங்கையின் நானோ தொழில்நுட்ப நிறுவனமான ஸ்லின்டெக்கின் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட உரத்தில் ஆறு பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு ஹைட்ராக்சிஅபடைட், எலும்பில் உள்ள அதே கால்சியம் பாஸ்பேட். துகளில் ஒட்டி நிற்பதால் யூரியா மெல்லக் கரைகிறது. எடையில் 40% தழைச்சத்தும் இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நானோ துறைக்கு இந்த வழியில் நிதி கொடுங்கள்.

அதுவரை, இலையின் பச்சையை எண்ணிட்ட பச்சை நிறங்களோடு ஒப்பிடும் இலை வண்ண அட்டை போதும். நட்ட 14-ஆம் நாள் முதல் வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், 10 செடிகளில் மேலே முழுதாக விரிந்த இலையை உடல் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். வெயிலில் பிடித்தால் பச்சை வெளிறித் தெரியும். பாதிக்கு மேற்பட்ட இலைகளின் நிறம் அட்டையில் வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு எண் 3-க்கும், மற்ற ரகங்களுக்கு 4-க்கும் கீழே இருந்தால் மட்டும் மேலுரம்.

மூட்டை கேட்டு வருபவரிடம் பாட்டிலையும் சேர்த்து விற்பது எங்கு நடந்தாலும் உடனே நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
மண்ணியலும் உழவியலும் படித்த சிலர்