தையல் பிரியாத புத்தகம்

அன்புள்ள கயல்,

புது ஆபீஸ் லண்டனில் கிங்ஸ் கிராஸ் பக்கம் என்று சொன்னாய். அங்கிருந்து பொடிநடையாகப் போனாலே பிரிட்டிஷ் லைப்ரரி வந்துவிடும். அங்கே நீ அவசியம் பார்க்க வேண்டிய ஒரு புத்தகம் இருக்கிறது. போனில் சொன்னால் "சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

புனித கத்பர்ட் நற்செய்தி என்று பெயர். யோவான் நற்செய்தியை லத்தீனில் தோல் ஏடுகளில் கையால் எழுதியிருக்கிறார்கள். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வடகிழக்கில் வேர்மவுத்-ஜாரோ மடத்தில் செய்தது. 94 ஏடுகள், உயரம் 14 சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

இதைவிடப் பழைய கைப்பிரதிகள் உண்டு. 4-ஆம் நூற்றாண்டின் கோடெக்ஸ் சினாய்டிகஸ் பைபிளில் பெரும்பகுதி அதே லைப்ரரியில்தான் இருக்கிறது. ஆனால் அதன் மற்ற ஏடுகள் வேறு மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கின்றன, பழைய கட்டும் போய்விட்டது. கத்பர்ட் புத்தகத்தில் எழுத்து, தையல், அட்டை, மேலே போர்த்திய தோல் எல்லாமே முதலில் செய்தவர் செய்தபடியே இருக்கின்றன. அப்படி முழுதாக மிஞ்சிய ஐரோப்பியப் புத்தகங்களில் இதுதான் மிகப் பழையது. ஆயுள் முழுக்க பைண்டிங் மேசையில் உட்கார்ந்தவனுக்கு இதைவிடப் பெரிய செய்தி வேறென்ன?

நம் பட்டறையில் கனமான கணக்குப் புத்தகம் தைக்கும்போது முதுகில் குறுக்கே நாடா கொடுத்து, மடித்த தாள் கட்டுகளான ஃபாரங்களை அதோடு சேர்த்துத் தைப்போம், நீ பார்த்திருக்கிறாய். இதில் நாடாவும் இல்லை, கயிறும் இல்லை. ஒரு ஃபாரத்தின் மடிப்பிலிருந்து வெளியே வரும் நூல் முந்தைய ஃபாரத்தின் தையலில் வளைந்து கோத்து மேலே போகிறது, மர அட்டைகளையும் அதே நூல்தான் பிடித்திருக்கிறது. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் தைத்த முறை அது. அவ்வளவு தூரத்திலிருந்து இங்கிலாந்து மடத்துக்கு அந்தக் கைப்பழக்கம் எந்த வழியாக வந்ததோ, யோசிக்க யோசிக்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. அட்டைமேல் சிவப்புச் சாயம் ஏற்றிய ஆட்டுத்தோல், முன்பக்கம் புடைப்பாக ஒரு செடி. தைத்தவர் பெயர் எங்கும் இல்லை.

பிழைத்த கதையும் கேள். கத்பர்ட் 687-இல் இறந்த துறவி. பிற்பாடு அவர் சவப்பெட்டியில் இந்தப் புத்தகத்தை வைத்திருக்கிறார்கள். கடல் வழியாக வந்து கொள்ளையடித்த வைக்கிங்குகளுக்குப் பயந்து 875-இல் லிண்டிஸ்பார்ன் தீவை விட்டுக் கிளம்பிய துறவிகள் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். 1104-இல் டர்ஹாம் பேராலயத்தில் பெட்டியைத் திறந்தபோது புத்தகம் உள்ளே இருந்தது. 2012-இல் லைப்ரரி 90 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. அந்த விலை அதிகம் என்று நான் சொல்லமாட்டேன்.

அப்புறம், சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த வைர சூத்திரம் என்ற புத்த மத நூலும் அங்கேதான் இருக்கிறது. அச்சிட்ட தேதியோடு முழுதாகக் கிடைத்த நூல்களில் அதுதான் பழையது, 868-ஆம் ஆண்டு. தாள்களை ஒட்டிச் செய்த 5 மீட்டர் சுருள். வாங் ஜியே என்பவர் தாய் தந்தையர் பேரில், எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பதற்காகச் செய்வித்தது என்று கடைசியில் அச்சிட்டிருக்கிறது. பிற்காலத்தில் பாதுகாப்பதாக நினைத்து அதன் பின்புறம் தாள் ஒட்டிவிட்டார்கள். அதையெல்லாம் உரித்து எடுத்துச் சரிசெய்ய 1,000 மணி நேரத்துக்கு மேல் ஆனது, 2010-இல்தான் வேலை முடிந்தது. பசை கையில் எடுக்கிற எவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காட்சிக்கூடத்துக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கத்பர்ட் புத்தகம் எப்போதும் அங்கேயே இருக்காது, டர்ஹாமுக்கும் போகும், அதனால் கேட்டுவிட்டுப் போ. படங்களில் முன் அட்டையைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். நீ பக்கவாட்டில் நின்று முதுகைப் பார், தையல் ஏதாவது கண்ணுக்குத் தெரிகிறதா என்று எனக்கு எழுது. அம்மா உன் குளிர்கால கோட்டைப் பற்றிக் கேட்கிறாள், அதற்கும் பதில் போடு.

அன்புடன்,
அப்பா